மூடாதே, தூங்கப் போடு

நான் எழுதிய ஆறே ஆறு வரியை எங்கள் ஆபீஸில் பதினேழு பேர் ஒரு நாளைக்கு நூறு தடவை பயன்படுத்தினார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது, அது 2001 ஜூலையோடு ஒழிந்தது. இப்போது சொல்வதற்குக் காரணம், இந்தக் கதையை நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ரோஸிடம் சொன்னதும் ஒரு வரிதான். மீதியை அவளே படித்துத் தெரிந்துகொண்டாள்.

என் பெயர் நாகேஸ்வரன். திருவனந்தபுரம் கரமனையில் வீடு, கழக்கூட்டத்தில் வேலை. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற ரத்தப் பரிசோதனை முடிவுகளை அந்தந்த டாக்டரின் ஃபேக்ஸுக்குத் தானாக அனுப்புகிற ப்ரோக்ராம் எங்களுடையது. ஆஸ்பத்திரியின் மெஷின் அங்கே இருந்தது, நாங்கள் இங்கிருந்து அதற்குள் புகுந்து வேலை பார்த்தோம். அந்த டீமுக்கு நான் லீட். லீட் என்றால் என்ன, மற்றவர்கள் செய்கிற தப்புக்குக் கத்துகிறவன்.

எங்கள் திரையில் ஜன்னலும் கிடையாது, மவுஸும் கிடையாது. கறுப்புத் திரை ஒன்று, ஒரு சமயத்தில் ஒரு வேலை. ஒரு ஃபைலைத் திருத்த எடிட்டரைத் திறந்தால் திரை முழுக்க அதுதான். நடுவில் வேறு எதையாவது ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் எடிட்டரை மூட வேண்டியதில்லை. கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் அது பின்னால் போய்த் தூங்கும், வேண்டும்போது எழுப்பிக்கொள்ளலாம். புதிதாக வருகிற பிள்ளைகள் ஒன்று தூங்குவதை மறந்துவிட்டு அதே ஃபைலை இன்னொரு தடவை திறப்பார்கள், இரண்டிலும் திருத்துவார்கள், ஒன்று மற்றதை அழித்துத் தொலைக்கும், அப்புறம் என் மேஜைக்கு வந்து மூக்கைச் சிந்துவார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் உட்கார்ந்து ஆறு வரியில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு குட்டிக் கட்டளை, எழுதினேன். ஈ என்ற ஆங்கில எழுத்து ஒன்றைத் தட்டினால் போதும். எடிட்டர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிக் கொண்டுவரும், இல்லாவிட்டால் புதிதாகத் திறக்கும்.

அதை மெஷினில் எனக்கென்று இருந்த இடத்தில், என் டைரக்டரியில், வைத்திருந்தேன். யார் லாகின் செய்தாலும் அவர்களுடைய மெஷின் முதலில் என் ஃபைலைப் படித்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். சேர்ந்த அன்றே எல்லோருக்கும் நான் சொல்லுகிற உபதேசம் ஒன்றுதான்: மூடாதே, தூங்கப் போடு. எங்கள் டீமில் எடிட்டரை மூடுகிறவனை விவரம் தெரியாதவன் என்று பார்க்கிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

அதில் ஓர் ஓட்டை இருந்தது. ஏற்கெனவே ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும்போது ஈ என்று தட்டி, பக்கத்தில் வேறு ஃபைலின் பெயரைக் கொடுத்தாலும், அது அந்தப் பெயரைக் காதில் போட்டுக்கொள்ளாது. தூங்குகிறதைத்தான் எழுப்பிக்கொண்டு வரும். என் டீமிலிருந்த ரெஷ்மா ஒருமுறை என்னிடம் வந்து சொன்னாள்: நான் கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று என்று. "கண்ணு எதுக்கு இருக்கு? திரையைப் பாத்து வேலை பண்ணு" என்று விரட்டிவிட்டேன். ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடும். மாற்றியிருக்கலாம். எவனுக்குப் பொறுமை இருந்தது!

ரோஸ் அந்த வருஷம் பிப்ரவரியில் சேர்ந்தாள். எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மறுபடி தமிழ். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் அவள்தான். ஆறு மாசம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள், ஆகஸ்ட் முதல் வாரம் அவளுக்குக் கெடு. ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதுவும் என் தமிழ் வேறு, அவள் தமிழ் வேறு. "சாப்டாச்சா?" என்று நான் கேட்டால் "சோறு தின்னாச்சு அண்ணே" என்பாள். நான் சிரிப்பேன், அவள் என்னைப் பார்த்து அதைவிட அதிகமாகச் சிரிப்பாள். எனக்குக் கூடப் பிறந்த தங்கை கிடையாது. அந்த அண்ணே எனக்குப் பிடித்திருந்தது, அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

எதையும் எழுதிப் பார்த்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். நீல அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தாள். சேர்ந்த முதல் நாளே என் ஆறு வரியை அப்படியே பார்த்து, குண்டு குண்டான எழுத்தில் முதல் பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, மேலே 'அண்ணனுக்க ஈ', அண்ணனுடைய ஈ, என்று அவள் ஊர்த் தமிழில் தலைப்பும் வைத்தாள். அதைப் பார்த்து நான் ஒரு வாரம் அவளைக் கேலி செய்தேன்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஹர்த்தால். எதற்கு என்று இப்போது ஞாபகம் இல்லை. திருவனந்தபுரத்தில் ஹர்த்தாலுக்கு எதற்கு என்று கேட்கிற வழக்கம் ஏது. காலை ஆறு மணிக்குள் கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் தப்பித்தோம், அவ்வளவுதான். நான் ஐந்தரைக்கே ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தேன். ரோஸ் பக்கத்தில் ஹாஸ்டலிலிருந்து நடந்து வந்துவிட்டாள். ரெஷ்மா உட்பட மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் வரவில்லை. கேன்டீனும் பூட்டு.

எந்த டாக்டருக்கு எந்த ஃபேக்ஸ் எண் என்கிற பட்டியலைப் பார்த்துக்கொள்வது ரெஷ்மாவின் வேலை. அந்தப் பட்டியல் ஒரே மெஷினில் இரண்டு இடத்தில் இருக்கும், நிஜமாக ஓடுகிறது லைவ், சோதனைக்கு வைத்திருப்பது டெஸ்ட். பெயரும் ஒன்றே. வாரம் ஒருமுறை லைவ் பட்டியலை டெஸ்டுக்கு நகலெடுத்து, அந்த நகலில் எல்லா எண்ணையும் அழித்து எங்கள் ஆபீஸ் ஃபேக்ஸ் எண்ணைப் போட்டு, சோதனை ஓட்டிப் பார்ப்போம். எண்ணை மாற்றுகிற வரைக்கும் இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது. ரெஷ்மா வராததால் அன்று அந்த வேலையை ரோஸிடம் கொடுத்தேன், நகலெடுப்பதை அவள் காலையிலேயே முடித்துவிட்டாள்.

பன்னிரண்டரை மணிக்கு அவளைக் கூப்பிட்டு, "லைவ் பட்டியல்ல ஒரு டாக்டரோட நம்பர் சந்தேகமா இருக்கு, திறந்து பாத்துச் சொல்லு. பாக்கறதோட சரி, கை வைக்காதே" என்றேன். திறந்து பார்த்தாள், எண்ணைச் சொன்னாள். எனக்கோ பசி காதை அடைத்தது. என் மனைவி விஜயலக்ஷ்மி விடியற்காலையில் எழுந்து இரண்டு பேருக்குப் போதுமான புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தாள்.

"வா ரோஸ், சாப்டலாம்."

"இதை மூடிட்டு வாறேன் அண்ணே."

"மூடாதே, தூங்கப் போடு. எத்தனை தடவை சொல்றது? வா, ஆறிப்போறது."

அவள் தூங்கப் போட்டுவிட்டு வந்தாள். புளியோதரை ஆறுவதற்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்! காலை ஐந்து மணிக்குக் கட்டியது. இருந்தாலும் அப்படித்தான் சொன்னேன். அந்த வார்த்தைகளை ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். ரோஸ் நன்றாகச் சாப்பிட்டாள், அக்காவிடம் சொல்லுங்கள் என்றாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து அவள் டெஸ்ட் டைரக்டரிக்குப் போனாள், முறைப்படி ஈ தட்டி, பட்டியலின் பெயரைக் கொடுத்தாள். என் ஆறு வரி அந்தப் பெயரைக் கேட்காமல், பின்னால் தூங்கிக்கொண்டிருந்த லைவ் பட்டியலை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தியது. அதே பெயர், அதே வரிகள். அவள் ஒரே கட்டளையில் எல்லா டாக்டர்களின் எண்ணையும் அழித்து எங்கள் ஆபீஸ் எண்ணைப் போட்டாள், சேமித்தாள். கீழே பட்டியலின் பெயர் ஒரு கணம் வந்து மறைந்தது, அதுவும் அதே பெயர்தான். கண் எதற்கு இருக்கிறது என்று ரெஷ்மாவிடம் கேட்டேனே, கடவுளே வந்து பார்த்திருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

நான்கு மணிக்கு மூலையிலிருந்த ஃபேக்ஸ் மெஷின் கிர்ரென்றது. அங்கே அப்போது விடிந்து ஆறரை மணி. ரோஸ் ஓடிப்போய்க் காகிதத்தைக் கிழித்தாள்.

"டெஸ்ட் வந்தாச்சு அண்ணே! சரியாச்சு!"

அவள் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். உடனே இன்னொன்று வந்தது. அப்புறம் ஒன்று. ரோஸ் கையிலிருந்ததைப் படித்தாள். டெஸ்ட் என்றால் 'நோயாளி ஒன்று', 'நோயாளி இரண்டு' என்று நாங்கள் வைத்த பெயர்கள் வரும். இதில் நிஜப் பெயர்கள் இருந்தன, வயது இருந்தது, தெருப் பெயர் இருந்தது. ஒரு பெண்ணுக்கு அறுபத்திரண்டு வயது, சர்க்கரை நானூறுக்கு மேல். காகிதம் மெஷினிலிருந்து வழிந்து தரையில் சுருண்டுகொண்டே இருந்தது. யாரோ ஒருவரின் டாக்டர் அங்கே காத்துக்கொண்டிருக்க, அவருடைய ரத்தக் கணக்கு கழக்கூட்டத்தில் எங்கள் காலடியில் வந்து விழுந்தது.

நான் கத்தியதை இங்கே எழுத மாட்டேன். பழைய பட்டியலைப் பேக்கப்பிலிருந்து எடுத்துப் போடப் பத்து நிமிஷம் ஆனது. அதற்குள் நாற்பத்தொன்று வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் பெயர் பார்த்துத் திரும்ப அனுப்பினோம். ரோஸ் அழுதுகொண்டே படித்தாள், நான் தட்டினேன். கடைசி வரை சிக்கிக் கிடந்த ஒன்று ஒரு கிழவருடையது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏகமாக ஏறியிருந்தது. அவர் டாக்டர் கைக்குப் போக இரண்டு மணி நேரம் தாமதம். அதற்குள் அவரைத் தீவிர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிழைத்தார் என்று பிறகு சொன்னார்கள். அன்று அது எங்களுக்குத் தெரியாது.

"நான் டெஸ்ட்டுதான் அண்ணே அடிச்சேன். சத்தியமாட்டு. டெஸ்ட்டுக்குள்ள போய்ட்டுத்தான் அடிச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"சரி, போ. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். ஆறு மணிக்கு ஹர்த்தால் முடிந்து முதல் பஸ் ஓடியபோது அவள் ஹாஸ்டலுக்கு நடந்தாள்.

அவள் போனதும் உட்கார்ந்து செய்து பார்த்தேன். ஒரு பட்டியலைத் தூங்கப் போட்டேன், இன்னொரு இடத்துக்குப் போனேன், ஈ தட்டினேன். தூங்கிக்கொண்டிருந்ததுதான் வந்தது. அவள் சொன்னது அட்சர சுத்தம்.

ஒரு வரியைச் சேர்த்துச் சரி செய்தேன். இனிமேல் பெயர் கொடுத்தால் கொடுத்த ஃபைல்தான் திறக்கும். இனி இப்படி நடக்கக் கூடாது, நல்லதற்குத்தானே செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரி, அதுவரைக்கும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்த ஃபைல் இன்றைக்கு மாற்றப்பட்டது என்று மெஷின் காட்டுமே! அந்தத் தேதியை ஜனவரிக்குத் தள்ளி வைத்தேன். அதற்கும் ஒரு கட்டளை உண்டு, எனக்கு அது விரல் நுனியில். நல்ல எண்ணத்தில் திருத்துகிறவன் தேதியைப் பின்னால் தள்ளி வைக்க மாட்டான் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தேதான் செய்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். செப்டம்பரில் இரண்டு வருஷத்துக்கு என்னை அந்த ஆஸ்பத்திரிக்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். விஜயலக்ஷ்மி தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. என் ஃபங்ஷன்தான் காரணம், நான்தான் மூடாதே என்றேன் என்று சொன்னால் அந்தப் பயணம் போச்சு. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போனதும் விஜயலக்ஷ்மி என் முகத்தைப் பார்த்தாள். "ஏன்னா, என்ன ஆச்சு?"

"அந்த ரோஸ் லைவ்ல கையை வச்சுட்டா. பெரிய ரகளை."

"நம்ம ரோஸா? அவ ரொம்ப ஜாக்கிரதைக்காரின்னு நீங்கதானே சொல்வேள்? வேலைக்கு ஒண்ணும் பங்கம் வராதே? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாளோல்லியோ?"

"உனக்கு ஒரு எழவும் தெரியாது. பேசாம இரு" என்று பாய்ந்தேன். அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மானேஜர் அனந்தபத்மநாபன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மெஷின் சமாச்சாரம் அதிகம் தெரியாதவர், ஆனால் கெட்டவர் இல்லை. அவரிடம் பேசுவதெல்லாம் மலையாளத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன்.

"லைவ் பட்டியலை மத்தியானம் மாற்றியது ரோஸ்தான் என்று மெஷினில் இருக்கிறது. ரோஸ் டெஸ்டைத்தான் திறந்தேன் என்கிறாள். சரி, நேற்றுச் செய்ததை அப்படியே செய்து காட்டட்டும். நடந்தது இவள் தப்பு இல்லையென்றால் நான் இவளை விட்டுக்கொடுக்க மாட்டேன்."

நிஜ லைவைத் தொட விட முடியாது என்று சொல்லி நானே இரண்டு போலி டைரக்டரி உண்டாக்கி வைத்திருந்தேன். ஒரு பட்டியலின் தலையில் லைவ் என்றும் மற்றதில் டெஸ்ட் என்றும் எழுதியிருந்தேன். ரோஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று நாற்காலியின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டேன்.

அவள் லாகின் செய்தாள். அவளுடைய மெஷின் என் புது ஃபைலைப் படித்துக்கொண்டது. லைவ் பட்டியலைத் திறந்தாள், தூங்கப் போட்டாள். டெஸ்டுக்குப் போனாள். ஈ தட்டி, பெயரைக் கொடுத்தாள். திரையில் டெஸ்ட் வந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு முதலிலிருந்து செய்தாள். டெஸ்ட் வந்தது. மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாக, விரலைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். டெஸ்ட்தான் வந்தது. என் கை நாற்காலியின் முதுகிலேயே இருந்தது. இப்போதாவது வாயைத் திற, இப்போதாவது திற என்று உள்ளே ஒருவன் கத்தினான். நான் திறக்கவில்லை.

"பார்த்துவிட்டு லைவை ஏன் மூடவில்லை?" என்று மானேஜர் கேட்டார்.

ரோஸ் தலையைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தாள். நான்தான் சொன்னேன் என்று அவள் சொன்னால் மறுக்க எனக்குத் தெம்பு இருந்திருக்காது. அவள் சொல்லவில்லை.

"மறந்துபோச்சு சார்" என்றாள். "நான் லைவுக்குள்ள இருந்துட்டே அடிச்சிருப்பேன். டெஸ்ட்டுக்குப் போனேன்னு நினைச்சிட்டேன். எனக்க தப்புதான்."

மானேஜர் பெருமூச்சு விட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு பெயர் கேட்கிறார்கள், கொடுக்காமல் தீராது என்றார். நீ என்ன சொல்கிறாய் என்பதுபோல என்னைப் பார்த்தார். "நல்ல பொண்ணுதான் சார், அனுபவம் போதாது" என்றேன். எவ்வளவு பெருந்தன்மை!

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். என் மேஜைக்கு வந்து நீல நோட்டை வைத்தாள்.

"இதில கம்பெனி விஷயம் உண்டு அண்ணே. வெளியே கொண்டுபோவக் கூடாதுன்னு சொன்னாங்க. நீங்களே வச்சுக்கிடுங்க." பிறகு, "உங்களுக்க பேரையும் நான் கெடுத்துப்போட்டேன். எனக்கு இவ்வளவு சொல்லித் தந்தீங்க" என்றாள்.

பழைய ஆறு வரி இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த நோட்டின் முதல் பக்கம். அதை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். நான் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

திங்கட்கிழமை ரெஷ்மா வேலை செய்துகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி என் பக்கம் திரும்பினாள். "நாகேஷ், ஈ இப்போ சரியாச்சு அல்லே?" என்று கேட்டாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதன் பிறகு அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். அவளும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, வேறு ப்ராஜெக்டுக்கு மாறிக்கொண்டு போனாள்.

என் அமெரிக்கா என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. அக்டோபரில் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்களோடு இருந்த ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டார்கள். யாருக்குப் பயந்து வாயை மூடினேனோ அவர்களே போய்விட்டார்கள். விஜயலக்ஷ்மி தெருவில் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். நான் அதே கழக்கூட்டத்தில் வேறு மாடியில் வேறு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆபீஸ் மாறும்போதெல்லாம் அந்த நோட்டும் என்னோடு மாறியது. எங்கேயோ தொலைந்துபோய்த் திடீரென்று கண்டெடுத்தேன் என்று சொன்னால் பொய். அது எந்த இழுப்பறையில், எதன் அடியில் இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும்.

2005 ஆகஸ்டில் ரெஷ்மாவை ஆபீஸ் கேட் அருகே பார்த்தேன். அவளாகவே நின்றாள். ரோஸை இங்கே ஒரு நல்ல கம்பெனியில் வேலைக்கான பரீட்சைக்கு அழைத்திருந்தார்களாம், ரெஷ்மாதான் சொல்லி வைத்தாளாம். ரோஸ் வந்தாள். மெஷின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டாள். சேமிக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துக்கொண்டு, ஃபைலின் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தாளாம். நேரம் முடிந்துவிட்டது. எழுந்து போய்விட்டாள்.

"அவ கைக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் ரெஷ்மா மலையாளத்தில். அவ்வளவுதான் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை நோட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு பாறசாலை பஸ் ஏறினேன். நெய்யாற்றின்கரை வரைக்கும் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன், அதற்கப்புறம் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். சர்ச்சுக்கு எதிரே ஒரு சின்ன அறையில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு அவள் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்வி. நான் போனபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். இன்னொரு தடவை. நாலு எட்டு நடந்தவள் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். அப்போதுதான் என்னைக் கண்டாள்.

"அண்ணே! நீங்களா? எனக்கு விசுவாசம் வரல்லே!" என்று ஓடி வந்தாள். பூட்டை நான் பார்த்துவிட்டேன் என்று புரிந்து சிரித்தாள். "சிரிக்காதீங்க அண்ணே. அண்ணைக்குப் பிறகு இப்படித்தான். பூட்டு, கேஸ் அடுப்பு, எல்லாம் நாலு வட்டம். எனக்க கை செய்ததை எனக்கே நம்ப முடியல்லே. வாங்க, வீட்டுல சோறு தின்னுட்டுப் போலாம். அக்கா சுகமா?"

"சுகம்தான். உன்கிட்ட ஒண்ணு குடுக்கணும் ரோஸ். உள்ளே உக்காரலாமா?"

கதவைத் திறந்து மின்விசிறியைப் போட்டாள். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். "அய்யோ, இதை இன்னும் வச்சிருக்கீங்களா!" என்று அட்டையைத் தடவினாள்.

"முதல் பக்கத்தைப் பாரு."

"அண்ணனுக்க ஈ" என்று சத்தமாகப் படித்தாள். "எனக்க எழுத்தைப் பாருங்க, என்ன கோலம்!" விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சிரித்துக்கொண்டே படித்துக்கொண்டு போனாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. முதல் வரிக்குத் திரும்பிப் போய் மறுபடி வந்தது. அவள் கெட்டிக்காரி, அதை நான் எப்போதும் சொல்லியிருக்கிறேன். சிரிப்பு அவள் முகத்திலிருந்து போய்விட்டது.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த ஒன்றும் வாயில் வரவில்லை. "அன்னிக்கு சாயங்காலம், நீ போனப்புறம், நான் அதை மாத்தினேன்" என்றேன்.

அவள் விரல் மறுபடி மூன்றாவது வரிக்குப் போனது.

"அப்போ நான் டெஸ்ட்டுதான் அடிச்சேன்."

"ஆமா."

"டெஸ்ட்டுக்குள்ள போய்ட்டுத்தான் அடிச்சேன்."

"ஆமா. நீ ஒரு தப்பும் பண்ணலை."

அவள் தன் வலது கையை மேஜைமேல் வைத்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழுவாள் அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

"மானேஜர் சார் முன்னால நான் மூணு வட்டம் அடிச்சுக் காட்டினேனே, அப்போ நீங்க எனக்க பின்னாலதானே நின்னீங்க?"

"ஆமா."

"கசேரியில கை வச்சிட்டு."

நாற்காலியில் ஊன்றிய கையை அவள் மறக்கவில்லை, தலையை ஆட்டினேன். "மன்னிச்சுடு ரோஸ்" என்றேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள், மின்விசிறியை நிறுத்தினாள்.

"சோறு தின்ன நேரமாச்சு சார்" என்றாள்.

நான் வெளியே வந்தேன். அவள் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு அழுத்தினாள். சாவியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவாள் என்று சர்ச் வளைவில் அவள் மறைகிற வரைக்கும் நின்றேன், வரவில்லை. நான்தான் போய் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் பூட்டியிருந்தது.